ஏழாவது கோரிக்கை

ராஜகீழ்ப்பாக்கம்
12.5.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கிறோம். தபீதாள் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். திருச்சியில் வெயில் நூற்றாறு என்று பேப்பரில் போட்டிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

போன மாதம் நீங்கள் சங்க வேலையாகச் சென்னைக்கு வந்து போனதாக எங்கள் கிளைச் செயலாளர் முனிரத்தினம் சொன்னார். "உங்கண்ணன் இன்னாமா பேசறாரு தெரியுமா? வாரியத்துக்காரன் ஒருத்தன் வாயத் தொறக்கல" என்றார். நீங்கள் போன ரயில் தாம்பரத்தில் நின்றுதான் போயிருக்கும். பொதுச் செயலாளருக்கு ஆயிரம் வேலை இருக்கும். குறையாகச் சொல்லவில்லை.

ஒரு விஷயம். எனக்கு இது மூன்றாவது மாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. டாக்டரம்மா நவம்பர் கடைசி வாரம் என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் சங்கம் வாரியத்திடம் கொடுத்திருக்கும் பதினோரு கோரிக்கைகளில் ஏழாவது, தொகுப்பூதியத்தில் இருக்கும் பெண்களுக்கும் பேறுகால விடுப்பு வேண்டும் என்பது. இங்கே அதற்கு ஸ்டென்சில் வெட்டியது நான்தான். நிரந்தரமானவர்களுக்குத் தொண்ணூறு நாள் உண்டு. என்னைப் போன்ற தட்டச்சர்களுக்கு ஒரு நாளும் கிடையாது. வராவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக எழுதிவிடுவார்கள். திரும்பி வந்தால் புதிதாகச் சேர்ந்த மாதிரி. நான் போட்ட ஆறு வருடமும் போய்விடும். நவம்பருக்குள் இந்தக் கோரிக்கை முடிவாகுமா? உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும்.

அண்ணிக்கு என் ஸ்தோத்திரம்.

உங்கள் தங்கை,
ஞானசௌந்தரி

*

திருச்சிராப்பள்ளி
21.5.1986

அன்புத் தங்கை சௌந்தரிக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் கடிதத்தை அண்ணி இரண்டு தடவை தானே படித்தாள், மூன்றாம் தடவை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அன்று மாலையே கோயிலுக்குப் போய்க் காணிக்கை போட்டுவிட்டு வந்தாள். அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. மாப்பிள்ளையிடம் சொல்லி, கூட்டம் வருவதற்கு முன் போகும் வண்டிக்கே ஏறு.

ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதே. ஆபீஸில் இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். முனிரத்தினத்திடம்கூட வேண்டாம். வாரியத் தரப்பில் ஒரு அதிகாரி இருக்கிறார். எதிலும் உள்நோக்கம் தேடுகிறவர். "செயலாளர் சொந்தத் தங்கைக்காகக் கேட்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஏழாவது கோரிக்கை அந்த மேஜையிலேயே முடிந்துவிடும். நம் ஆட்களே அப்படிப் பேசுவார்கள். இருபது வருடமாக இந்தச் சங்கத்தில் ஒரு மாற்றல்கூட எனக்காக நான் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஜூலையில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை. ஏழாவது நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. தைரியமாக இரு.

உன் அண்ணன்,
எலியேசர்

*

திருச்சிராப்பள்ளி
27.7.1986

அன்புத் தங்கை சௌந்தரிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். எல்லாக் கிளைகளுக்கும் போகும் சுற்றறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே உன் கைக்குத்தான் அது தட்டச்சுக்கு வரும். அதற்கு முன் நீ பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"சுற்றறிக்கை எண் 9. தோழர்களே, ஜூலை 24, 25 தேதிகளில் வாரிய நிர்வாகத்துடன் நடந்த பேச்சுவார்த்தையில் நம் சங்கம் பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளாகிறது. ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வரம்பு நூற்றெண்பதிலிருந்து இருநூற்று நாற்பது நாளாகிறது. வரும் அக்டோபர் 31ஆம் தேதி வரை பணி முறிவின்றி ஐந்தாண்டு முடித்த தொகுப்பூதியப் பணியாளர்கள் அனைவரும் நிரந்தரமாக்கப்படுவர். கோரிக்கை ஏழு குறித்துப் பின்னர் பேசுவதென இருதரப்பும் ஒப்புக்கொண்டுள்ளன. தகுதியுள்ள தோழர்கள் ஒரு நாளும் தவறாமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறோம்."

இதற்கு மேல் சுற்றறிக்கையில் எழுத முடியாததை உனக்கு எழுதுகிறேன். நிரந்தரம் வேண்டுமானால் ஏழாவதை விடுங்கள், ஏழாவது வேண்டுமானால் நிரந்தரத்தை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். முந்நூறு குடும்பம் இதில் இருக்கிறது. எங்கள் செயற்குழுவில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேறு யாருக்காவது என்றால் இன்னும் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றிருப்பேன். உன் நினைவு வந்தது. அதனாலேயே வாய் வரவில்லை.

நீயும் அந்த நிரந்தரப் பட்டியலில் வருகிறாய். அதை நினைத்துக்கொள்.

உன் அண்ணன்,
எலியேசர்

*

ராஜகீழ்ப்பாக்கம்
10.8.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். சுற்றறிக்கை வந்தது. ஸ்டென்சில் வெட்டி நூற்றிருபது பிரதி எடுத்தோம். ஆபீஸில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்கள் சூப்பிரண்டு சுப்பராயலு சார் தன் செலவில் கேசரி வாங்கிக் கொடுத்தார். அவருக்கு ஈட்டிய விடுப்பு நூற்றெண்பதைத் தாண்டி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் சாப்பிட்டேன்.

இப்போது வெளியே தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

கால் வீங்கியிருக்கிறது. செருப்புப் போட முடியவில்லை. ரத்தக்கொதிப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொல்கிறார். உப்பைக் குறைத்து, படுத்தே இருக்க வேண்டுமாம். "வேலைக்குப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எவ்வளவு நாள் லீவு இருக்கு?" என்றார். ஒரு நாளும் இல்லை என்றேன். அப்படியும் அவர் ஓய்வு என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சம்பளமில்லாமல் இரண்டு மாதம் விடுப்பு எடுத்தால் அது பணி முறிவு ஆகுமா, ஆகாதா? சுப்பராயலு சாருக்குத் தெரியவில்லை. விதிப் புத்தகத்தில் தொகுப்பூதியத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்கிறார். நீங்கள் வாரியத்தில் கேட்டுச் சொல்லவும். சீக்கிரம் தெரிந்தால் நல்லது.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
ஞானசௌந்தரி

*

திருச்சிராப்பள்ளி
3.9.1986

அன்புத் தங்கை சௌந்தரிக்கு,

உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மதுரை, நெல்லை, நாகர்கோவில் என்று ஒப்பந்த விளக்கக் கூட்டங்கள். மூன்று வாரமாக வீட்டில் சாப்பிட்டது நான்கு வேளை.

நீ கேட்டதை வாரியத்தில் நேரிலேயே கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. சம்பளமில்லாத விடுப்பு என்பதே தொகுப்பூதியத்துக்குக் கிடையாதாம். ஒரு நாள் வராவிட்டாலும் அது முறிவுதான் என்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு முன் எழுந்து போனாலும் வராத நாள்தான்.

இன்னும் ஐம்பத்தெட்டு நாள். அதற்குள் ஞாயிறு, பண்டிகை எல்லாம் கழித்தால் நாற்பத்தைந்துகூட வராது. எப்படியாவது தாக்குப் பிடி அம்மா. ஒரு நாள்கூட விடாதே. அக்டோபர் 31 தாண்டிவிட்டால் நீ நிரந்தரம், தொண்ணூறு நாள் உன் உரிமை. குழந்தை பிறக்கும்போது நீ கால் நீட்டிப் படுத்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அப்பா நம்மைப் படிக்க வைத்ததே இந்த ஒரு உத்தரவாதத்துக்குத்தானே.

அண்ணி பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறாள். பையன் என்றால் அப்பா பெயர். பெண் என்றால் சாராள் அல்லது எஸ்தர் என்கிறாள். உன் விருப்பத்தை எழுது.

உன் அண்ணன்,
எலியேசர்

*

ராஜகீழ்ப்பாக்கம்
4.11.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகமா? செப்டம்பரில் நீங்கள் எழுதியதும், அக்டோபரில் எழுதிய இரண்டு கார்டும் வந்தன. பதில் எழுத முடியவில்லை.

நிரந்தர ஆணை வந்துவிட்டது. தாம்பரம் கோட்டத்தில் ஆறு பேர். என் பெயர் நாலாவது. என் பணியில் முறிவு எதுவும் இல்லை. எல்லா நாளும் கையெழுத்து இருக்கிறது. புதிதாகப் பணிப் பதிவேடு திறந்திருக்கிறார்கள். அதில் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மை இன்னும் முழுதாகப் போகவில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாடம்பாக்கம் போகிற ரோட்டில் தண்ணீர் நிற்கிறது. போன ஞாயிறு வீட்டுக்காரர் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய இடம். மிருகங்கள் எல்லாம் தூரத்தில் இருக்கின்றன. புலி என்று பலகை வைத்த இடத்தில் புலி தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

தங்கை,
ஞானசௌந்தரி

*

திருச்சிராப்பள்ளி
10.11.1986

அன்புத் தங்கை சௌந்தரிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்ததும் அண்ணி பாயசம் வைத்தாள். முந்நூற்றுப் பதினோரு பேருக்கு ஆணை போயிருக்கிறது. அந்தப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்தபோது, ஜூலையில் நான் போட்ட கையெழுத்து வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்த நேரத்தில் வண்டலூர் வரை பஸ்ஸில் போகலாமா? நிறைமாதத்தில் காட்டுக்குள் நடக்க வைத்திருக்கிறாரே மாப்பிள்ளை. நான் கோபித்துக்கொண்டதாகச் சொல்.

உடனே செய்ய வேண்டியது: பேறுகால விடுப்புக்கு விண்ணப்பம் கொடு. நீ நிரந்தரப் பணியாளர். யாரும் மறுக்க முடியாது. டாக்டர் சான்றிதழை இணைக்க மறக்காதே. இந்த வாரமே விடுப்பில் போய்விடு.

இருபதாம் தேதி அண்ணி புறப்பட்டு வருகிறாள். பிரசவம் முடிந்து இரண்டு மாதம் உன்னுடனேயே இருப்பாள். பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து வைத்திருக்கிறாள். பிரசவ மருந்து கிளறி எடுத்து வருகிறாள். தொட்டிலுக்குக் கொக்கி இருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்த்து வைக்கச் சொல்.

உன் அண்ணன்,
எலியேசர்

*

ராஜகீழ்ப்பாக்கம்
14.11.1986

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தனசிங் எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சௌந்தரிக்குத் தெரியாமல் பல்லாவரத்தில் எங்கள் தோல் கம்பெனியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்காவை அனுப்ப வேண்டாம். குழந்தை இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை. காலையிலேயே தலைவலி என்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. இன்றைக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். "அண்ணா ஒரு நாள்கூட விடாதேன்னு எழுதியிருக்காங்க" என்றாள். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

பத்தரை மணிக்கு மெஷினில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது. சுப்பராயலு சார் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாராம். இரண்டு மணி ஆகட்டும் சார் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றேமுக்காலுக்கு ஜன்னி வந்து நாற்காலியோடு விழுந்துவிட்டாள். முனிரத்தினம் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா என்னிடம், "காலையிலேயே கொண்டு வந்திருந்தா" என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் பிறந்தது. பெண். ரொம்பச் சின்னது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை போய்விட்டது. அன்றைக்கே நானும் போதகர் ஐயரும் முனிரத்தினமும் கொண்டுபோய் மாமா, அத்தை கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சௌந்தரிக்கு மறுநாள்தான் நல்ல நினைவு வந்தது. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை.

அவள் மூன்று வாரம் ஆபீசுக்குப் போகவில்லை. ஆனால் பதிவேட்டில் எல்லா நாளும் கையெழுத்து இருக்கிறது. நான் சொல்வது உங்களோடு இருக்கட்டும். முனிரத்தினம் பதிவேட்டை மஞ்சள் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். சுப்பராயலு சார் தெரிந்தே கொடுத்து அனுப்பியிருந்தார். "கையெழுத்துப் போட்டுடுமா. ஆறு வருசம் போட்டதுமா, வுட்டுடாத. நாங்க கீறோம்" என்றார். தலையணைமேல் வைத்து ஒவ்வொரு நாளாகப் போட்டாள். வியாழக்கிழமைக்கும் போட்டாள்.  நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"அண்ணா முப்பத்தொண்ணாந்தேதி நிரந்தரப் பட்டியல்ல கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் எழுதாதீங்க, மனசு கலங்கிடும்" என்றாள். முனிரத்தினத்திடமும் அதையே சொன்னாள். அப்புறம் நானே எழுதுகிறேன் என்றாள். எழுதவில்லை. வீட்டில் எல்லா வேலையும் செய்கிறாள், சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். ஒரு தடவைகூட அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உங்களைக் குற்றம் சொல்லி எழுதவில்லை மச்சான். பஸ் ஏற்றிவிட்டது நான்.

தனசிங்

*

திருச்சிராப்பள்ளி
27.11.1986

சௌந்தரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் வந்து உன் வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தோம். சொல்ல வேண்டுமென்று ரயிலில் நினைத்துக்கொண்டு வந்த எதையும் சொல்லவில்லை. நீ காபி கொடுத்தாய். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு மாற்றலில் போனால் கூடவே வருமா என்று கேட்டாய். வரும் என்று சொன்னேன். விதி எண்ணையும் சொன்னேன். திரும்பி வரும்போது அண்ணி என்னிடம், "அவ கேட்டா, நீங்க அதுக்கும் பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே" என்றாள். செங்கல்பட்டு தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தாள்.

நீ கல்லறைக்கு வரவில்லை. மாப்பிள்ளைதான் இடத்தைக் காட்டினார். மழையில் மண் இறங்கியிருந்தது.

நான் எழுதிய கடிதம் உன் வீட்டில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இருந்தால் கிழித்துப் போடு. ஒரு நாள்கூட விடாதே என்ற வரியை நான் தினமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னிடம் அதன் நகல் இல்லை. தேவையும் இல்லை.

பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிவிட்டேன். ஜனவரி செயற்குழுவில் கொடுக்கப் போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எலியேசர்

*

ராஜகீழ்ப்பாக்கம்
9.12.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லவும். எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் காத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் கிட்டத்தில் இல்லை. பேசுகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி இருக்கிறது. டைப் அடிக்கும்போது மட்டும் சரியாக இருக்கிறது. பிழை வருவதில்லை.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உங்கள் கடிதங்கள் எல்லாம் ஒரே உறையில் இருக்கின்றன.

நீங்கள் விலகக் கூடாது. விலகினால் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர் ஏழாவது கோரிக்கையை எடுத்தே பார்க்க மாட்டார். "பின்னர் பேசுவது" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பின்னர் எப்போது என்று போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு விலகுவதானால் விலகிக்கொள்ளுங்கள்.

நான் மே மாதம் உங்களுக்கு எழுதாமல் இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது. தங்கைக்கும் இது தேவை என்று தெரியாமல் இருந்திருந்தால் நீங்கள் சண்டை போட்டிருப்பீர்கள். தெரிந்ததால் விட்டுவிட்டீர்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை அண்ணா. நடந்தது அதுதான்.

இப்போதும் என்னைப் பற்றிப் பேசக் கூடாது. பதிவேட்டின்படி செப்டம்பர் 23 முதல் ஒவ்வொரு நாளும் நான் என் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். என் கதையைச் சொன்னால் சுப்பராயலு சாருக்கும் முனிரத்தினத்துக்கும் வேலை போகும். சுப்பராயலு சார் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.

ஆனால் நான் ஒருத்திதானா? ஒவ்வொரு கிளைக்கும் எழுதிக் கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் தொகுப்பூதியப் பெண்கள் எத்தனை பேர் கர்ப்பமானார்கள், எத்தனை பேருக்கு வேலை போயிற்று, எத்தனை பேர் எத்தனையாவது நாள் திரும்பி வந்தார்கள், குழந்தை இருக்கிறதா, இல்லையா. பெயரும் ஊரும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் சொல்வார்கள். யாரும் இதுவரை கேட்டதில்லை.

படிவத்தை நானே அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கை,
ஞானசௌந்தரி

*

திருச்சிராப்பள்ளி
20.3.1987

அன்புத் தங்கை சௌந்தரிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். ராஜினாமாக் கடிதம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, கொடுக்கவில்லை.

உன் படிவத்தை முப்பத்து நான்கு கிளைகளுக்கும் அனுப்பினோம். ஜனவரி முழுவதும் தபால் வந்துகொண்டிருந்தது. இருபத்தாறு பெண்கள். பதினான்கு பேர் வேலை போய், திரும்ப முதல் நாளிலிருந்து ஆரம்பித்தவர்கள். எட்டுப் பேர் பிரசவமாகிப் பதினைந்து நாளுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள். நான்கு பேருக்குக் குழந்தை இல்லை. விழுப்புரத்தில் ஒரு பெண் ஒன்பதாவது நாள் வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. இருபது வருடமாகச் சங்கம் நடத்துகிறேன், இவர்கள் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

தாம்பரம் கிளையின் பதிலும் வந்தது. "விவரம் ஏதும் இல்லை" என்று அடித்து, கீழே முனிரத்தினம் கையெழுத்து. உன் மெஷின் எழுத்து. அந்தத் தாளை மட்டும் கோப்பில் சேர்க்காமல் தனியாக வைத்தேன். பிறகு சேர்த்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை பேச்சுவார்த்தை. ஏழாவதை முதலில் எடுத்தேன். அது தீராமல் மற்றதற்கு வரமாட்டோம் என்றேன். பட்டியலைப் படித்தேன், பெயர், ஊர், தேதி. உள்நோக்கம் தேடுகிறவர் என்று எழுதினேனே, அந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இதெல்லாம் உண்மைன்னு எப்படி எடுத்துக்கறது?" என்றார்.

"கூப்பிட்டுக் கேளுங்க சார். இருபத்தாறு பேரும் வருவாங்க. குழந்தை இருக்கறவங்க தூக்கிக்கிட்டு வருவாங்க" என்றேன்.

பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு அவர் நிதானமாகக் கேட்டார்: "ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இதுல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லை சார்" என்றேன்.

பட்டியலைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு அறுபது நாள் என்று எழுதினார். சம்பளத்தோடு. பணி முறிவு ஆகாது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து. பிள்ளை தங்காவிட்டாலும் உண்டு என்ற வரியை நான் கேட்டுச் சேர்த்தேன்.

வெளியே வந்ததும் தோழர்கள் மாலை போட வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. பட்டியலில் உன் பெயர் இல்லை. ஆனாலும் அந்த "இல்லை"யை வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. இந்த ஒரு வாரமாகச் சாப்பாட்டிலும் அது இருக்கிறது.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
எலியேசர்

*

ராஜகீழ்ப்பாக்கம்
2.8.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு மாடம்பாக்கத்தில் ஒரு வைத்தியர் தைலம் கொடுக்கிறார், அடுத்த தடவை வரும்போது கூட்டி வாருங்கள். வீட்டுக்காரரும் நானும் போன மாதம் கல்லறைக்குப் போனோம். மண் போட்டு மேட்டைச் சரி செய்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

சுப்பராயலு சார் ஓய்வு பெற்ற பிறகு என்னை விடுப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். யார் விடுப்புக்கு எழுதினாலும் என் மேஜைக்கு வரும். பதிவேட்டைப் பார்த்து, கணக்கில் நாள் இருக்கிறதென்று குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

என் பழைய இடத்தில் இப்போது கனகவல்லி என்று ஒரு பெண், டிசம்பரில் சேர்ந்தவள். சேலையூர்ப் பெண். தொகுப்பூதியம். அவளுக்கு ஏழு மாதம். புதன்கிழமை விண்ணப்பத்தோடு வந்தாள். "அக்கா, இத்த எப்பிடி ரொப்பறது? மெய்யாலுமே அறுவது நாளு குட்ப்பாங்களா?" என்றாள். கொடுப்பார்கள் என்றேன். புதிய விதியில் எங்கள் கோட்டத்தில் இதுதான் முதல் விண்ணப்பம். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சொன்னேன். அவள் எழுதினாள். கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ரத்தக்கொதிப்பு பார்த்தார்களா என்றேன். பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றாள். தலைவலி வந்தால் மணி பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும் என்று சொன்னேன். சிரித்தாள்.

'இதற்கு முன் பிறந்த குழந்தைகள்' என்று ஒரு கட்டம். அதில் இல்லை என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எத்தினிக்கா?" என்றாள். அவளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. முனிரத்தினம் அப்போது அடுத்த மேஜையில் இருந்தார். கையில் வைத்திருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணு. பொண்ணு" என்றேன்.

"பேரு இன்னாக்கா?"

"எஸ்தர்."

நல்ல பேரு என்றாள். பிறகு அடுத்த கட்டத்துக்குப் போனோம். விண்ணப்பத்தில் அனுமதிக்கலாம் என்று குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டேன்.

மாலை ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றுகொண்டே இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் அழுகை வந்தது அண்ணா. ராஜகீழ்ப்பாக்கம் வரை நிற்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டார். இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

அண்ணியிடமும் சொல்லவும்.

உங்கள் தங்கை,
ஞானசௌந்தரி